எடைக்கு எடை செப்புக் காசு

சிலோன் ரூபாய் ஒன்றுக்கு இந்திய ரூபாய் ஒன்று. எனக்குத் தெரிந்த நாளாக அது அப்படித்தான். நான் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையின் பின்கட்டில் துணி மடிக்கிறவன். முன்கட்டில் பெரியவர்கள் பேசுவது காதில் விழும். இங்கிலாந்துப் பவுன் இறங்கியபோது இந்த இரண்டு ரூபாயும் சேர்ந்தே இறங்கின, பாகிஸ்தான் ரூபாய் மட்டும் அப்போது அசையாமல் நின்றது என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஆகையால் ஊருக்குப் புறப்பட்டபோது பணம் மாற்றுவதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. கவலைப்பட வேறு எத்தனையோ இருந்தன.

முதல் கவலை என் மகள் அலமேலு. ஆறு வயது. போன மழைக்காலத்தில் டைபாய்டு வந்து, பிழைக்கமாட்டாள் என்று சொல்லும் அளவுக்குப் போய்த் திரும்பினாள். அந்த நாட்களில் என் மனைவி திருப்பதி மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, பிள்ளை பிழைத்தால் எடைக்கு எடை செப்புக் காசு போடுவதாக வேண்டிக்கொண்டாள். பிழைத்தாள். ஆனால் மனைவியால் வரமுடியவில்லை. அவளுடைய குடியுரிமை மனு இன்னும் முடியாமல் கிடந்தது. கடல் தாண்டினால் திரும்ப விடுவார்களோ மாட்டார்களோ என்று பயம். எனக்கு ஒரு தேதிவரை அனுமதி என்று சிலோன் அதிகாரிகள் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தேதிக்குள் நானும் பிள்ளையும் திரும்பிவிட வேண்டும்.

புறப்படுமுன் கடைத் தராசில் பிள்ளையை நிறுத்தோம். பிறகு ஒரு றாத்தல், அதாவது ஒரு பவுண்டு எடைக்கு, செப்புச் சதக் காசை நிறுத்துப் பார்த்தோம். றாத்தலுக்கு இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. எல்லாமாகச் சேர்த்து அறுபது ரூபாய் போதும் என்று தெரிந்தது. வழியில் ஊட்டம் ஏறினாலும் ஏறட்டும் என்று அறுபத்தைந்து இந்திய ரூபாயாக மாற்றி வாங்கிக்கொண்டேன். ரூபாய்க்கு ரூபாய். சில்லறையை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். மனைவி ஒரு கைப்பிடிச் சதத்தை மட்டும் மஞ்சள் துணியில் முடிந்து, தட்டில் முதல் காசாக இதுதான் விழவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள்.

தனுஷ்கோடியில் சுங்க அதிகாரி அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டார். இது என்ன என்று கேட்டார். எனக்கு அந்நியரிடம் சட்டென்று பேச்சு வராது. அலமேலுதான், அது எங்கள் அம்மா சாமிக்குக் கட்டினது, அவிழ்த்தால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று சொன்னாள். அவர் முடிச்சைக் கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு அவள் மடியிலேயே வைத்தார்.

சித்தூரில் என் அக்கா முனியம்மா வீட்டில் இறங்கினோம். எங்கள் குடும்பம் நகரிப் பக்கத்துத் தறிக்காரர்கள். அக்காவைக் கட்டிக்கொடுத்தது சித்தூரில். அக்கா புருஷன், என் மாமாவுக்கு, வெல்ல மண்டியில் வேலை. அக்கா பிள்ளையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு என்னை முறைத்தாள்.

"இன்னாடா இது, கொயந்தையா கொக்கா? அந்த ஊர்ல சோறே துன்ன மாட்டாங்களா?"

அன்றிலிருந்து அக்கா அடுப்பை விட்டு நகரவில்லை. காலையில் ராகிக் களியும் வேர்க்கடலைத் துவையலும். பகலில் சோறும் முருங்கைக்கீரைக் கூட்டும். எந்நேரமும் மாம்பழம். மாம்பழக் காலத்தில் சித்தூருக்கு வந்தவன் வேறு எதையும் பார்க்க முடியாது. வண்டி வண்டியாக பங்கனப்பள்ளி வந்து இறங்கும். கொழும்பிலும் மாம்பழம் உண்டு, கறுத்தக் கொழும்பான் என்று நல்ல ருசி. ஆனால் அங்கே எண்ணி வாங்குவோம். இங்கே கூடையைத் தெருவிலேயே கவிழ்த்துவிட்டுப் போகிறார்கள். அலமேலு முழங்கைவரை சாறு வழிய உட்கார்ந்து தின்றாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் அப்படித் தின்று நான் பார்த்ததில்லை. கண் நிறைந்தது.

அந்த நிறைவு அதிக நாள் நிலைக்கவில்லை. ஊரெங்கும் நயா பைசாவைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. அந்த ஆண்டுதான் ரூபாய்க்குப் பதினாறு அணா போய் நூறு பைசா வந்திருந்தது. எனக்கு அது புதிதல்ல. சிலோனில் ரூபாய்க்கு நூறு சதம்தான். இங்கே அணாவுக்கு ஆறா ஏழா என்று கடைக்குக் கடை சண்டை. ஒரு கட்டு வெற்றிலைக்காக இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். நான் ஒதுங்கி நடந்தேன்.

ஒருநாள் மாமா எங்களை மண்டிக்கு அழைத்துப்போனார். வெல்லம் நிறுக்கும் பெரிய தராசில் அலமேலுவை உட்காரவைத்தார். அவள் ஊஞ்சல் என்று நினைத்து ஆடினாள். பத்தரை வீசை. வீசைக்கு மூன்று றாத்தலுக்குக் கொஞ்சம் மேல் என்று பார்த்தால், கொழும்பில் போட்ட கணக்குக்குப் பத்து வீசைதான் ஆகியிருந்தது. அரை வீசை ஏறியிருக்கிறாள். நான் சந்தோஷத்தோடு, என் கையில் இருக்கும் பணம் அதற்கும் போதும் என்று சொன்னேன். மாமா மண்டிப் பெட்டியிலிருந்து புதுப் பைசாவை அள்ளிச் சின்னத் தராசில் போட்டார். போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். தட்டு இறங்கவில்லை. மீன் செதிள் போல மெல்லிசுக் காசு. ஒரு வீசைக்கு ஒன்பதரை ரூபாய் போயிற்று. சதக் காசில் அதே வீசைக்கு ஆறு ரூபாய்தான்.

பத்தரை வீசைக்கு நூறு ரூபாய் வேண்டும். என்னிடம் இருந்தது அறுபத்தைந்து. அது போகத் திரும்பிப் போகும் செலவுப் பணம் தனியாக இடுப்பில் இருந்தது. அதைத் தொட்டால் தேதி தவறும். தேதி தவறினால் மனைவி அந்தக் கரையில், நாங்கள் இந்தக் கரையில்.

பாங்கியில் ரூபாய்க்கு ரூபாய் என்றது உண்மைதான். தராசுக்கு அது தெரியவில்லை.

மாமா என்னைப்போல் இடிந்துபோகிறவர் அல்லர். தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"வேண்டிக்கினது இன்னா? செப்புக் காசு. புதுக் காசுன்னு சொன்னாளா உன் பொண்டாட்டி? பழைய காலணா எங்க போச்சு?"

அன்று மாலையே மண்டியில் சேர்ந்து கிடந்த பழைய காலணாக்களை, ரூபாய்க்கு அறுபத்துநாலு போகிறவை, தரையில் கொட்டிப் பிரித்தார். குதிரை படம் போட்டது ஒரு குவியல். நடுவில் ஓட்டை போட்டது ஒரு குவியல். ராஜா தலை போட்ட பழங்காலத்துத் தடித்த காலணா ஒரு குவியல். ஒவ்வொன்றையும் ஒரு வீசை நிறுத்தார். ஓட்டைக் காலணா பதினோரு ரூபாய் கேட்டது, அதைத் தள்ளிவிட்டார். குதிரை ஏழரை. ராஜா தலை நாலரை ரூபாய்தான். ராஜாவையும் குதிரையையும் கலந்து சேர்த்தால் என் பணத்துக்குள் அடங்கும் என்றார்.

சாமியிடம் போய் இந்தக் கணக்குப் பார்ப்பது சரியா என்று எனக்கு உறுத்தியது. மெல்லக் கேட்டேன். வேண்டுதல் எடைக்குத்தானே ஒழிய விலைக்கு இல்லையே என்று மாமா சொன்னார். அக்கா உள்ளேயிருந்து, சாமியை விட உன் மாமாதான் பெரிய வியாபாரி என்றாள். யார் சொன்னது சரி என்று எனக்கு விளங்கவில்லை. வேறு வழியும் இல்லை.

அடுத்த நாட்களில் சித்தூரில் நான் நுழையாத கடை இல்லை. பீடிக்கடை, எண்ணெய்க்கடை, கூழ் விற்கிறவள், வண்டிப்பேட்டை. கூச்சத்தால் கடை வாசலில் நின்றுகொண்டே இருப்பேன், அவர்களாக என்ன வேண்டும் என்று கேட்கும்வரை. பழைய காசை ஒழித்தால் போதும் என்று சிலர் கொட்டிக் கொடுத்தார்கள். ராஜா தலையைத் தேடுகிறான் என்று தெரிந்ததும் சிலர் விலை ஏற்றினார்கள். காலையில் ஒரு விலை, பிற்பகலில் ஒரு விலை. முன்கட்டில் பெரியவர்கள் பேசும் பவுன் விலை, டாலர் விலையெல்லாம் இப்படித்தான் பிறக்கிறதோ என்று எனக்கு அப்போது தோன்றியது.

வீட்டுக்குத் திரும்பினால் பிள்ளை தின்றுகொண்டிருப்பாள். இங்கேதான் என் மனம் கெட்டது. ஒரு கவளம் உள்ளே போனால் எத்தனை காலணா என்று மனம் தானாகக் கணக்குப் போடும். அக்கா இன்னொரு கரண்டி நெய் விடுவாள், எனக்குத் திக்கென்றிருக்கும். பிள்ளை தேறவேண்டும் என்றுதானே அந்த வேண்டுதலே. அவள் தேறத் தேற நான் பயந்தேன். ஒருநாள் மூன்றாவது மாம்பழத்துக்குக் கை நீட்டினாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பழத்தைக் கூடையில் திரும்ப வைத்தாள்.

மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். வயிறும் போயிற்று. மாம்பழச் சூடு என்று கம்பவுண்டர் ஒரு பாட்டிலில் ரோஸ் நிற மருந்து கொடுத்தார். அக்காவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. உப்பும் மிளகாயும் எடுத்துப் பிள்ளையைச் சுற்றினாள். ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, போற கண்ணு, வர்ற கண்ணு, பெத்த கண்ணு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே அடுப்பில் போட்டாள். மிளகாய் கருகியும் நெடி வரவில்லை. யாருக்கும் இருமல் இல்லை.

"பலமான கண்ணு. எந்தப் பாவி கண்ணோ," என்றாள் அக்கா.

நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளை கஞ்சித் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடந்த முகம் மறுபடி வந்துவிட்டது. காய்ச்சல் விட்டது, ஆனால் பசி வரவில்லை. தாளில் எழுதிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. வேண்டுதலை முடித்தால்தான் பிள்ளை தேறும் என்று அக்கா சொன்னாள். மாமா மண்டிக்கு லீவு சொல்லிவிட்டுக் காசுச் சாக்கைத் தோளில் போட்டார். நான் பிள்ளையைத் தோளில் போட்டேன்.

திருப்பதி பஸ்ஸில் எங்களுக்கு முன் இரண்டு பேர் எல்லைத் தகராறு பேசிக்கொண்டு வந்தார்கள். ஆந்திரா வந்து சில வருஷம் ஆகியும் எந்த ஊர் யாருக்கு என்று தீரவில்லை. ஒருவர் தமிழர், மற்றவர் தெலுங்கர். இரண்டு பேரும் அவரவர் பாஷையிலேயே பேசினார்கள், இரண்டு பேருக்கும் புரிந்தது. அந்தப் பக்கத்து ஊரைக் கொடுத்து இந்தப் பக்கத்து ஊரை வாங்கிக்கொள்ளப் போகிறார்களாம் என்றார் தெலுங்கர். ஓர் ஊருக்கு எத்தனை ஊர், சில்லறை கொடுப்பார்களா என்று தமிழர் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுப்பா, நீ எந்தப் பக்கம்?"

"கொழும்பு," என்றேன்.

பஸ்ஸே சிரித்தது. நான் காது சூடாகிப் பிள்ளையின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அவளும் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. அதன்பின் வழியில் டயர் வெடித்தது. வேறு டயர் வரும்வரை புளியமரத்தடியில் காத்திருந்தோம். அந்தத் தமிழர் தன் துண்டால் பிள்ளைக்கு விசிறிக்கொண்டே இருந்தார்.

திருப்பதியில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். பக்கத்து ஓட்டலில் இட்டலி பூப்போல இருந்தது. ஒரு துண்டு கிள்ளி அவள் வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கிக்கொண்டாள். சட்னி தொட்டுக் காட்டினேன், சர்க்கரை தொட்டுக் காட்டினேன். ஒரு வாய், ஒரே வாய் என்று கெஞ்சினேன். நாலு நாளுக்கு முன் கவளம் எண்ணிய ஆள்தான் நான். அவள் கேட்டாள்:

"துன்னா கனம் ஏறுமே நைனா. காசு பத்தாதுன்னு மாமா கிட்ட சொல்லிக்கினு இருந்தியே."

இட்டலியை இலையில் வைத்தேன்.

மாமா எங்களை விட்டுவிட்டு மலையடிவாரத்துக்குப் போய்வந்தார். படிக்கட்டு ஓரம் உட்கார்ந்திருக்கும் பிச்சைக்காரர்களிடம் ராஜா தலைகள் நிறைய இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் சேர்த்தால் நிச்சயம் என்று என்னையும் பிள்ளையையும் கூட்டிப்போனார். அங்கே ஒரு கிழவி தகரக் குவளை நிறையத் தடித்த காலணா வைத்திருந்தாள். அணாவுக்கு ஆறு பைசா என்றார் மாமா. அவள் தெலுங்கில் சொன்னது இது: "கடைக்காரன் ஆறுக்குக் கொடுப்பான். நான் கடையா வைத்திருக்கிறேன்? ஏழு." மாமா மேலும் பேரம் பேசப் போனார். நான் அவர் கையைப் பிடித்து ஏழே கொடுக்கச் சொன்னேன். கிழவி காசை எண்ணி வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பார்த்தாள். இவளுக்காகவா என்று கேட்டாள். ஆமாம் என்றதும் குவளையைத் தட்டி, அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு காசையும் எடுத்துச் சும்மா போட்டாள்.

மலை பஸ் ஒவ்வொரு திருப்பத்திலும் சாய்ந்தது. பாதிப்பேர் கோவிந்தா என்றார்கள், மீதிப்பேர் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தார்கள். அலமேலுவுக்கு வாந்தி எடுக்க வயிற்றில் ஒன்றுமில்லை.

மேலே முதலில் முடி இறக்கினோம். மொட்டை போட்டால் எடை குறையும் என்று மாமா வழியெல்லாம் தமாஷ் பண்ணிக்கொண்டு வந்தார். முடி போன தலையைப் பார்த்ததும் தன் துண்டை எடுத்து அவள் கழுத்தைச் சுற்றிப் போர்த்தினார். கழுத்து அவ்வளவு மெலிந்திருந்தது.

தராசு பெரிய உத்தரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன் ஒரு தடித்த செட்டியார் வெல்லத்துக்கு உட்கார்ந்திருந்தார். அவருக்காக வெல்லம் வந்துகொண்டே இருந்தது. அவர் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. பிறகு எங்கள் முறை. பழைய காசு வாங்குவார்களா என்று சாக்கின் வாயை அவிழ்க்காமலே நின்றேன். தராசுக்காரர் சாக்கைத் திறந்து பார்த்தார். ராஜாவும் குதிரையும் பார்த்துச் சிரித்தார். இங்கே வராத காசு இல்லை என்று தெலுங்கில் சொன்னார்.

அலமேலுவை ஒரு தட்டில் சம்மணம் போட்டு உட்காரவைத்தேன். மஞ்சள் முடிச்சை அவளே எதிர்த் தட்டில் வைத்தாள். சாக்கிலிருந்து காசு விழத் தொடங்கியது. செப்பு விழும் சத்தம் பெரிதாக இருந்தது. பாதிச் சாக்கு போயிற்று. முக்கால் போயிற்று. தட்டு அசைந்தது, பிள்ளை தரையைவிட்டு எழும்பினாள், முள் நடுவில் வந்து நின்றது.

சாக்கில் இன்னும் காசு இருந்தது. தூக்கிப் பார்த்தால் ஒன்றரை வீசை இருக்கும்.

"போதும் போதும்," என்று தராசுக்காரர் கையைத் தூக்கினார். மாமாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பாத்தியா மச்சான், மிச்சமே ஆயிப்போச்சு. அதிர்ஷ்டக்காரன் நீ."

சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது என் மகளின் உடம்பிலிருந்து போனது. சித்தூர் மண்டித் தராசில் ஊஞ்சல் ஆடிய பிள்ளை இதைவிடக் கனமாக இருந்தாள். என் மனைவி வேண்டிக்கொண்டது பிழைத்து எழுந்த பிள்ளைக்கு. இந்தத் தட்டில் இருக்கும் பிள்ளைக்கு மட்டும் காசு போட்டுவிட்டு மிச்சத்தை மடியில் கட்டிக்கொண்டு எப்படிப் போவது?

நான் பொது இடத்தில் வாய் திறக்கிறவன் அல்லன். அன்று திறந்தேன்.

"இன்னும் போடணும்," என்றேன்.

தராசுக்காரர் புரியாமல் பார்த்தார். சரியாகத்தான் இருக்கிறது என்று முள்ளைக் காட்டினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மாமா என் தோளைத் தொட்டார். நான் சாக்கைத் தலைகீழாகப் பிடித்து, கிழவி சும்மா கொடுத்த காசுவரை எல்லாவற்றையும் கொட்டினேன். காசுத் தட்டு சடாரென்று தரையில் இறங்கியது. அலமேலு மேலே போனாள். இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, மொட்டைத் தலையோடு, எல்லோரையும்விட உயரத்தில் இருந்து என்னைப் பார்த்தாள்.

"நைனா, நான் தோத்துட்டேனா?"

"இல்லம்மா," என்றேன். "மீதி எடையை சாமிகிட்ட முன்பணம் கட்டிட்டேன். இனிமே நீ எவ்ளோ வேணா துன்னலாம்."

சரி என்று தலையாட்டினாள்.

தரிசனம் முடிந்து வெளியே வந்து ஒரு மண்டபத்தில் உட்கார்ந்தோம். யாரோ ஒரு குடும்பத்தார் தயிர்சாதம் வைத்திருந்தார்கள். மொட்டைப் பிள்ளையைப் பார்த்து ஓர் இலையில் வைத்துக் கொடுத்தார்கள். நான் இலையை அவள் முன் வைத்தேன். பிறகு எழுந்து, தூணின் அந்தப் பக்கம் போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே மலைகள் வரிசையாகத் தெரிந்தன. ஏன் அங்கே போனாய் என்று மாமா கேட்டார். வெயில் என்றேன். நான் உட்கார்ந்த இடத்தில்தான் வெயில் அடித்தது.

முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு விரலால் இலையை வழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல், என்னிடம் அல்ல, சாதம் கொடுத்த அந்த அம்மாளிடம்:

"இன்னும் கொஞ்சம் வைக்கிறீங்களா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை.